அடுத்த ஆடுகளம் இல்லாமல் போன லூசியா ஹாரிஸ்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், "பனைமரம் மாதிரி வளர்ந்துவிட்டாளே, இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவாய்?" என்கிறார்களாம். மகளுக்குக் காட்டலாம் என்று இந்த ஆட்டத்தில் பெரிய பெயர்களைத் தேடினால் ஆண்களாகவே வந்து நிற்கிறார்களாம். "முன்னோடி என்று சொல்லும்படி ஒரு பெண்கூட இல்லையா? இருந்தால் ஏன் யாருக்கும் தெரியவில்லை? இவளைத் தொடர்ந்து ஆட விடலாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடசென்னைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே பெயர்: லூசியா ஹாரிஸ். ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றின் முதல் கூடையைப் போட்டவர். அமெரிக்காவில் ஆண்களின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணி ஒன்று முறைப்படி வீரர் தேர்வில் பெயர் சொல்லி எடுத்த ஒரே பெண். இந்தப் பெயரை என் மாணவிகளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. "கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டு "ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891" என்ற பதிலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். 2022இல் அவரைப் பற்றிய குறும் ஆவணப்படம் ஒன்று ஆஸ்கர் விருது பெற்ற செய்தியைப் பார்த்துத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் விட்டோமே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் 1955 பிப்ரவரி 10 அன்று பிறந்தார் லூசியா. கறுப்பினக் குடும்பம், பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. சிறுவயதில் பருத்திக் காட்டில் பருத்தி எடுத்தவர். வீட்டில் எல்லாரும் உறங்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஓடும். அம்மா தூங்கச் சொல்வார். வெளிச்சம் தெரியாமல் இருக்கப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்நாளைய என்.பி.ஏ. நட்சத்திரம் ஆஸ்கர் ராபர்ட்சனின் ஆட்டத்தைப் பார்ப்பாராம்.

உங்கள் மகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இனி வருவதுதான். லூசியா ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்தார். பள்ளியில் பிள்ளைகள் அவரைப் பார்த்து, நெட்டையாக இருக்கிறாள், அதைத் தவிர இவளிடம் ஒன்றும் இல்லை என்ற பொருளில் எதுகையோடு ஒரு வரி கட்டிப் பாடுவார்களாம். நம்மூரில் பனைமரம், கொக்கு, ஒட்டகச்சிவிங்கி. ஊர் வேறு, சொல் வேறு. கேட்கிற பிள்ளையின் முதுகு ஒரே மாதிரிதான் வளைகிறது. உயரமான பெண்பிள்ளையை நான் வகுப்பு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். தோளை முன்னால் தள்ளி, கழுத்தைக் குறுக்கி, புத்தகத்தை மார்போடு அணைத்து, பக்கத்தில் வருபவளின் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டு நடப்பாள். அந்தத் தோளை நிமிர்த்த எனக்கு ஆறு மாதம் பிடிக்கும். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, எடுக்கச் சொல்லிக் கொடுப்பது அதற்கு அப்புறம்தான். கைகளை முழுசாக மேலே தூக்கி நிற்பதற்கே அந்தப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். முதல் தடவை போர்டில் பட்டுத் திரும்பும் பந்தை எல்லார் தலைக்கும் மேலே கை நீட்டிப் பிடிக்கும்போது முகத்தில் ஒரு திகைப்பு வரும், பாருங்கள். தன் உயரத்தால் ஒரு பயன் உண்டு என்று தெரிந்துகொள்கிற நேரம் அது. லூசியாவுக்கு அந்த நேரம் கிரீன்வுட் நகரத்துப் பள்ளி ஒன்றில் வாய்த்தது. ஒரே ஆட்டத்தில் 46 புள்ளி எடுக்கிற அளவுக்கு வளர்ந்தார்.

பள்ளி முடித்ததும் பெண்கள் அணியே இல்லாத ஒரு கல்லூரியில் சேரத்தான் இருந்தார். டெல்டா ஸ்டேட் என்ற பல்கலைக்கழகம் அப்போதுதான் பெண்கள் அணியைத் திரும்பத் தொடங்குகிறது என்று ஆள் வந்து அழைத்ததால் அங்கே சேர்ந்தார். அப்படி யாரும் வரவில்லை என்றால் இந்தக் கதையே கிடையாது.

"திரும்ப" என்று சொன்னேன். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அந்த அணியின் பயிற்சியாளர் மார்கரெட் வேட் என்ற பெண்மணி. அவரே 1930களின் தொடக்கத்தில் அதே கல்லூரிக்கு ஆடியவர். அவர் படிக்கும்போதே நிர்வாகம் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. இளம்பெண்களின் உடம்பு தாங்காத ஆட்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பெண்கள் அழுதார்கள். தங்கள் சீருடைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, 1973இல், அதே கல்லூரி அணியை மறுபடி கட்டுவதற்கு அதே வேட் அம்மையாரைக் கூப்பிட்டது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்கும் சமவாய்ப்பு தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1972இல் வந்ததன் விளைவு அது. எரித்த சீருடையின் சாம்பலைப் பார்த்தவர், அதே இடத்தில் புதுச் சீருடை கொடுக்கிறார். அந்தச் சீருடையில் 45ஆம் எண் லூசியாவுக்கு. அந்த அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பெண்.

உடம்பு தாங்காது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆட்டம் பிறந்த மறு ஆண்டே அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்தவர் சென்டா பெரன்சன். லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். 1893 மார்ச்சில் அவர் நடத்திய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. களத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது, கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது என்று விதி செய்தார். இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் ஆடவே விட்டிருக்க மாட்டார்கள். அந்த வகையில் அவரும் என் மதிப்புக்குரியவர். ஆனால், பாதுகாப்புக்காகப் போட்ட கோடு பிறகு வேலியாக நின்றுவிட்டது. பெண்கள் களம் முழுவதும் ஓடி ஐவர் அணியாக ஆடுவது அமெரிக்கக் கல்லூரிகளில் பொது விதியானது 1971இல்தான்.

ஆக, லூசியா வந்த நேரம் கதவு திறந்து இரண்டு ஆண்டுதான். உள்ளே நுழைந்தவர் என்ன செய்தார்? 1975, 1976, 1977 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு டெல்டா ஸ்டேட் தேசியச் சாம்பியன். 1975 இறுதி ஆட்டத்தில், அதற்கு முன் மூன்று ஆண்டும் கோப்பையை வைத்திருந்த இம்மாக்குலேட்டா கல்லூரியை 90–81 என்று வீழ்த்தினார்கள். அதில் 32 புள்ளிகள் லூசியாவுடையவை. அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. தொடர் வெற்றி 51 வரை போனது. நான்கு ஆண்டுகளில் அவர் எடுத்தது 2,981 புள்ளி, 1,662 ரீபவுண்ட். சராசரி ஆட்டத்துக்கு 25.9 புள்ளி.

இந்த எண்ணை ஒரு பயிற்சியாளராக நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன். அப்போது மூன்று புள்ளிக் கோடு கிடையாது. தூரத்தில் நின்று எறிந்து கணக்கை ஏற்றிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கூடையும் இரண்டு, இல்லையென்றால் எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் ஒன்று. பந்தும் ஆண்கள் ஆடும் அதே ஏழாம் எண் பந்து. இன்று உங்கள் மகள் கையில் இருப்பது ஆறாம் எண். சுற்றளவில் ஒரு அங்குலம் குறைவு, எடையும் குறைவு. சர்வதேச ஆட்டத்தில் பெண்களுக்கு அது வந்தது 2004இல். நானும் ஏழாம் எண் பந்தில் ஆடிய தலைமுறைதான். ஒரு கையால் அதை அடக்கவே பாடுபடுவோம். ரிங்குக்கு அடியில், இரண்டு மூன்று பேர் முதுகில் சாய்ந்து தள்ளும்போது, அந்தப் பெரிய பந்தை வாங்கித் திரும்பி நான்கு ஆண்டுகள் அப்படிப் போட்டுக்கொண்டே இருந்தார் என்றால், அது உயரம் மட்டும் செய்கிற வேலை இல்லை. காலடி, பொறுமை, விரல் நுனி எல்லாம் சேர்ந்தது. உயரமானவளுக்கு எல்லாம் சுலபம் என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக். ஆண்கள் கூடைப்பந்து 1936 பெர்லினிலேயே ஒலிம்பிக்குக்கு வந்துவிட்டது. பெண்களுக்கு வர நாற்பது ஆண்டு. ஜூலை 19 அன்று ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஆட்டம். ஏழாம் எண் சட்டையில் லூசியா முதல் கூடையைப் போட்டார். ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஒரு பெண் எடுத்த முதல் புள்ளி அது. அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 71–84 என்று தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு தேறி வெள்ளி வாங்கினார்கள். தங்கம், ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள உலியானா செம்யோனோவா ஆடிய சோவியத் அணிக்கு.

அந்த ஒலிம்பிக் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஹாக்கியில் இந்தியா ஏழாவது இடத்துக்குப் போன துக்கத்தில் எங்கள் தெருவே இருந்தது. பெண்களில் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சி படம் செய்தித்தாளில் வந்தது. அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்தேன். லூசியாவின் படம் எந்த மூலையிலும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதையும் ஒட்டியிருப்பேன், ஏனென்றால் அப்போதே என் வகுப்பில் நான்தான் நெட்டை.

1977இல் கல்லூரி முடிகிறது. வயது 22. உலகத்தின் மிகச் சிறந்த பெண் ஆட்டக்காரர்களில் ஒருவர். அடுத்து எங்கே போய் ஆடுவது? அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் ஒன்றுகூட இல்லை. அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பெயர் சொல்லி எடுக்கும் என்.பி.ஏ. வீரர் தேர்வில், அந்த ஆண்டு ஏழாவது சுற்றில், 137ஆவது பெயராக, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி லூசியா ஹாரிஸ் என்று அறிவித்தது. 1969இல் வேறொரு அணி ஒரு பள்ளி மாணவியைத் தேர்ந்தெடுத்து, அது செல்லாது என்று லீக் நிறுத்திவிட்டது. ஆகவே முறையாகத் தேர்வான பெண் அவர் ஒருவரே. இன்றுவரை வேறு யாரும் இல்லை.

அவர் போகவில்லை. விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்தார். திருமணம் ஆகியிருந்தது, வயிற்றில் பிள்ளை இருந்தது. பெண்களோடு ஆடி வென்றவர், ஆண்களோடு மோதிப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்று தெளிவாகவே முடிவு செய்தார். அந்த முடிவுக்காக வருந்தவில்லை என்று கடைசிவரை சொன்னார். இந்த இடத்தைச் சிலர் "பொன்னான வாய்ப்பை விட்டுவிட்டார்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்பில்லை. ஆறடி மூன்று அங்குலம் ஆண்கள் அணியில் கார்டு, அதாவது ரிங்கைவிட்டுத் தள்ளி நின்று பந்தை நடத்தும் இடத்தில், ஆடுகிறவர்களின் உயரம். நான்கு ஆண்டும் ரிங்குக்கு அடியில் சென்டராக ஆடிப் பழகிய ஒருவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துவது வாய்ப்பாகாது. அவருக்கு வேண்டியிருந்தது அவருடைய ஆட்டத்துக்கென்று ஓர் இடம். ஆண் என்றால் கல்லூரிக்குப் பிறகு இன்னொரு படி இருந்திருக்கும், பணமும் வந்திருக்கும் என்று அவரே பின்னாளில் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்.

1978 டிசம்பரில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் வந்தது. மூன்று பருவத்தில் மூடப்பட்டது. அதில் ஹூஸ்டன் அணிக்காகச் சிறிது காலம் ஆடினார். நிலைத்து நிற்கிற பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது ஆண்டு 1997. லூசியாவுக்கு 42 வயது. இடையில் பயிற்சியாளராக இருந்தார். பிறகு தான் படித்த பள்ளிக்கே திரும்பி, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தார். இருமுனை மனநோய் அவரை வாட்டியது. அதையும் மறைக்காமல் பேசினார். நான்கு பிள்ளைகளை வளர்த்தார். 1992இல், கூடைப்பந்தின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் பெயரிலான புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணானார். அன்று அவரை மேடைக்கு அழைத்து அறிமுகப்படுத்தியவர் ஆஸ்கர் ராபர்ட்சன். போர்வைக்குள் ஒளிந்து பார்த்த அதே மனிதர். இதை முதன்முதலில் படித்தபோது என் கண் நிறைந்துவிட்டது.

2022 ஜனவரி 18 அன்று, 66ஆவது வயதில், மிசிசிப்பியிலேயே காலமானார். அந்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

இவ்வளவு செய்தவரை ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. கறுப்பினத்தவர், பெண், சிற்றூர்க்காரர் என்பதெல்லாம் காரணம்தான், ஐயமில்லை. ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அது ஒரு பதிவேடு. லூசியா ஆடிய நாளில் பெண்கள் கல்லூரிப் போட்டிகளை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்களுக்கான சங்கம். பின்னர் 1982 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய அமைப்பு பெண்கள் போட்டியையும் நடத்த ஆரம்பித்தது. பழைய சங்கம் மூடப்பட்டது. என்.சி.ஏ.ஏ. தன் சாதனைப் பட்டியலைத் தான் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணியது. அதற்கு முன் எடுத்த புள்ளிகளும் வென்ற கோப்பைகளும் அந்த ஏட்டுக்கு வெளியே போயின. யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று அந்தப் பட்டியலைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் லூசியாவின் 2,981 கண்ணில் படவில்லை. நம்மூரில் பட்டா மாற்றும்போது பழைய பெயர் விடுபட்டுப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிலம் அங்கேயேதான் இருக்கும். உழுதவர் பெயர் மட்டும் இருக்காது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். லூசியாவுக்கு இல்லாமல் போனது திறமையும் இல்லை, உழைப்பும் இல்லை, நல்ல பயிற்சியாளரும் இல்லை. இவை எல்லாம் இருந்தன. கல்லூரிக் களத்துக்கு அடுத்த களம் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் அவரைப் போலவே பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டில் யாரும் கொடுமைக்காரர்கள் கிடையாது. "இனி ஆடி என்ன ஆகப்போகிறது டீச்சர்?" என்று அவள் அப்பா கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு இன்னொருத்தி. அவள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, பிறகு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டிலேயே வேலை வாங்கினாள். சம்பளத்தோடு ஆடினாள். இருவரில் திறமைசாலி முதலாமவள். பத்தாண்டு அதிகம் ஆடியவள் இரண்டாமவள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த அடுத்த களம் பெரும்பாலும் ரயில்வேதான். தேசியப் போட்டிகளில் பெண்கள் கூடைப்பந்து என்றால் பல ஆண்டுகளாக இந்திய ரயில்வே அணியின் கைதான் ஓங்கியிருக்கிறது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொடங்கியது 1955 அக்டோபரில். லூசியா பிறந்த அதே ஆண்டு. அங்கே ரயில் பெட்டி செய்கிற அந்தத் தொழிற்சாலை வந்ததால் இங்கே பல வீடுகளில் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒரு மதிப்பு வந்தது. "ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்கள்" என்ற ஒரு சொல்லுக்காகவே காலை ஐந்து மணிக்கு மகளை எழுப்பி அனுப்பிய தாய்மார்களை எனக்குத் தெரியும். அவ்வழியில் உச்சிக்குப் போனவர் நம் சென்னையின் அனிதா பால்துரை. தெற்கு ரயில்வே, பத்தொன்பது வயதில் இந்திய அணியின் தலைவி, ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடிய முதல் இந்தியப் பெண், பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வந்து 2017 வரை ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. தாயான பிறகும் அனிதா திரும்பி வருவதற்கு ஓர் அணி இருந்தது. லூசியாவுக்கு அது இருக்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்தே உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

ஆகவே ஆட விடுங்கள். ஆனால் அடுத்த களம் எது என்று இப்போதே கண் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மழைக்காலத்தில் நம் பகுதியில் வீட்டுக்குள் தண்ணீர் வரும், அதனால் பரண்மேல் வையுங்கள். கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தத் தாள்தான் பேசும். படிப்பை விடச் சொல்லாதீர்கள், ஆட்டத்தை விடவும் சொல்லாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டுக்கும் நேரம் இருக்கிறது. உறவினர்கள் பேசும்போது மகள் எதிரே நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லுங்கள். அப்பா பேசாமல் இருந்தால், அவர்கள் சொல்வது சரி என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

ஆட்டத்துக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், லூசியாவின் இடத்தில் நிற்கப் போகிறவள் என்பதால். ரிங்குக்கு நேர் அடியில் நிற்கட்டும். வலப்பக்கம் வலக்கையால், இடப்பக்கம் இடக்கையால், போர்டில் தட்டி மாற்றி மாற்றிப் போடட்டும். பந்து தோளுக்குக் கீழே இறங்கவே கூடாது. விழுகிற பந்தைத் தரையில் பட விடாமல் பிடித்து உடனே அடுத்த பக்கம். முதல் வாரம் ஒரு வேளைக்கு இருபது, மாதக் கடைசியில் நூறு. பக்கத்து கோர்ட்டில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆட வருவதற்கு முன், காலை ஆறு மணிக்கே போய்விட்டால் ரிங் காலியாக இருக்கும். இடக்கை முதலில் வராது. தப்பிப் போகிற பந்தைத் துரத்தி எடுத்துப் போட அருகில் ஒருவர் இருந்தால் பயிற்சி பாதி நேரத்தில் முடியும். அந்த வேலையை நீங்களே செய்யலாம், தம்பி.